சீனச் செய்திக்கு டிவியா, பேப்பரா?

பாம்பன், மண்டபம் பக்கம் ‘சீனா’ என்றாலே காதைத் தீட்டிக்கொள்வார்கள். எதிர்க்கரையான இலங்கையில் சீனர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய எதை நம்புவது?

வேகம்: டிவிதான். 2022 ஆகஸ்ட் 16 அன்று சீனக் கப்பல் யுவான் வாங் 5 இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்ததும் படம் காட்டிவிட்டார்கள். பேப்பருக்கு மறுநாள்.

செலவு: கேபிள் எப்படியும் வீட்டில் இருக்கிறது. பேப்பர் டீக்கடையில் ஓசி.

விவரம்: இங்கேதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டிவியில் ‘உளவுக் கப்பல்’ என்று சிவப்பு எழுத்து, நாலு பேர் கூச்சல். சீனா அதை ஆய்வுக் கப்பல் என்றது, இலங்கை முதலில் வருகையைத் தள்ளிப்போடச் சொல்லி அப்புறம் அனுமதித்தது என்ற வரிசையெல்லாம் பேப்பரில்தான் புரியும்.

பின்தொடர்தல்: 2021 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் சீன நிறுவனத்துக்குப் போனது. ‘ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் சீனா!’ என்று டிவி அலறியது. அந்த ஆண்டு இறுதியில் திட்டம் நின்றது, பிறகு இந்திய மானியத்துக்கு மாறியது. பேப்பரிலும் இது உள்பக்கச் செய்திதான், ஆனால் வந்தது.

இரண்டிலும் அரிதாக வருவது கடல் அட்டை என்ற கடல் உயிரி பற்றிய செய்தி. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. வடக்கு இலங்கையிலோ சீனச் சந்தையை நம்பி அதை வளர்க்கும் பண்ணைகள். நம் மீனவருக்குக் கப்பலைவிட இதுதான் வயிற்றுப்பாடு.

கப்பல் வந்ததா என்று மட்டும் தெரிய வேண்டுமா, டிவி போதும், சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் வந்தது, யார் விட்டார்கள் என்று கேட்பவர்களுக்குப் பேப்பர், அதுவும் இரண்டு நாள் பொறுத்து.