இமாம்பசந்து மாம்பழ ஃப்ரோசன் பல்ப்னு (உறைய வச்ச பழக்கூழ்) இன்ஸ்டால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத படிங்க

வீட்ல பழம் போட்டு குல்ஃபி, ஐஸ்கிரீம், சார்பேனு (பால் சேக்காத பழ ஐஸ்) பண்றவங்க எல்லாரும் கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசா படிச்சிடுங்க ப்ளீஸ். பணம் போனத கூட விடுங்க, மாசமா இருக்கற பொண்ணுக்கு குடுக்க இருந்த பொருள்ல கலப்படம் பண்ணிருக்காங்க, அது தான் எனக்கு இன்னும் ஆறல.

பிப்ரவரில என் தங்கச்சிக்கு வளைகாப்பு. மசக்கைல இருந்தே மாம்பழம் மாம்பழம்னு ஏங்கிட்டு இருந்தா, நாங்க திருச்சி, எங்க வீட்ல மாம்பழம்னா இமாம்பசந்து தான், ஆனா அது மே ஜூன்ல வந்துட்டு போயிடும், பிப்ரவரில எங்க போறது. அதனால ஃப்ரோசன் பல்ப் தேடினப்ப ஒரு இன்ஸ்டா பேஜ் கிடைச்சுது (பேர் போடல, கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கு). "100% இமாம்பசந்து, சொந்த தோட்டம், நோ சுகர், நோ கலர், நோ ப்ரிசர்வேட்டிவ், குழந்தைங்களுக்கும் ஷுகர் பேஷன்ட்டுக்கும் சேஃப்"னு போட்டு ரீல்ஸ்ல பழத்த அறுத்து வழிச்சு மிக்ஸில போடறத காட்றாங்க. கிலோ 420 ரூபா, கூரியர் தனி. இத கேட்டதும் சிலர் கம்மி விலைக்கு ஆசைப்பட்டீங்களானு கேப்பீங்க, அப்படி இல்லங்க, இமாம்பசந்துல தோலும் கொட்டையும் போக பாதிக்கு கொஞ்சம் மேல தான் சதை நிக்கும், அத அரைச்சு சீசன் முடிஞ்சு இத்தன மாசம் ஃப்ரீசர்ல வச்சு விக்கற கணக்கு போட்டா 420 நியாயமான விலை தான். அஞ்சு கிலோ சொல்லி முழு பணமும் ஜிபேல அனுப்பினேன், முன்பணம் வாங்காம அனுப்ப மாட்டாங்களாம்.

தெர்மாகோல் பாக்ஸ்ல வந்துச்சு, உள்ள ஜெல் பேக் எல்லாம் உருகிப்போய், பாக்கெட் ஓரமெல்லாம் தண்ணி மாதிரி தனியா நின்னுச்சு. நல்ல பல்ப் உருகினாலும் பெரும்பாலும் கொழகொழன்னு ஒண்ணா தான் இருக்கும், இது தண்ணி ஒரு பக்கம் மஞ்ச கூழ் ஒரு பக்கம். பாக்கெட்ல ஒரு கலர் ஸ்டிக்கர், அதுல பேஜ் பேரும் மாம்பழ படமும் தான். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இல்ல, என்னிக்கு பேக் பண்ணாங்கன்னு இல்ல, எப்ப வரைக்கும் யூஸ் பண்ணலாம்னு இல்ல, உள்ள என்னென்ன இருக்குங்கற லிஸ்ட் இல்ல. அப்பவே மெசேஜ் போட்டேன், "ஹோம்மேட் ப்ராடக்ட் மேம், அதெல்லாம் தேவையில்ல"னு பதில் வந்துச்சு. இது பொய். வீட்ல இருந்து சின்னதா பண்றவங்களும் எஃப்எஸ்எஸ்ஏஐல ரெஜிஸ்டர் பண்ணணும், அந்த 14 இலக்க நம்பர் பாக்கெட்ல இருக்கணும்.

வளைகாப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி கொஞ்சமா எடுத்து ட்ரை பண்ணேன். பால் சுண்டக்காச்சி குல்ஃபி, அம்மாவுக்கு பால் ஒத்துக்காதுன்னு தனியா ஒரு சார்பே. சும்மா நக்கி பாத்தா பல்ப் நல்லா இனிச்சுது, ஆனா முழுங்கினப்புறம் நாக்குக்கு பின்னாடி ஒரு கசப்பு, கொஞ்ச நேரம் போகவே இல்ல. ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா சார்பேல ஸ்பூனே இறங்கல. குல்ஃபிய கடிச்சா நறநறன்னு ஐஸ் துகள்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், பழ ஐஸ் பண்றவங்களுக்கு இது தான் உயிர். சர்க்கரைய நாம இனிப்புக்கு மட்டும் போடல, தண்ணி உறையறத சர்க்கரை தள்ளிப்போடும், அதனால வீட்டு ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரில வச்சாலும் உள்ள கொஞ்சம் தண்ணி உறையாம பாகா நிக்கும், அந்த பாகு தான் ஐஸ்கிரீம ஸ்பூன்ல அள்ள விடுது. சார்பேல பழத்து சர்க்கரையும் நாம போடற சர்க்கரையும் சேத்து எடைல 25ல இருந்து 30 சதவீதம் வரணும். நல்ல மாம்பழ கூழ் அரை கிலோ எடுத்தா அதுல 80 கிராமுக்கு மேல சர்க்கரை தானாவே இருக்கும், நான் மேல ஒரு 70 கிராம் போட்டு கொஞ்சம் எலுமிச்ச சாறு விடுவேன், சீசன்ல இதே கணக்குல பண்ணும்போது அள்ளி அள்ளி சாப்பிடலாம். அதே ஃப்ரீசர், அதே டப்பா, அதே அளவு, இந்த பல்ப்ல மட்டும் இறுகிப்போகுதுன்னா பல்ப்ல இருக்க வேண்டிய சர்க்கரை இல்லன்னு அர்த்தம். அப்ப நாக்குல அந்த இனிப்பு எங்கருந்து வந்துச்சு?

எங்க சித்தப்பா பையன் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழ கூழ் ஃபேக்டரில லேப்ல வேலை பாக்கறான். அங்க தமிழ்நாட்டு கூழ் ஃபேக்டரிங்க நிறைய இருக்கு, நாம கிளிமூக்குனு சொல்றத அவங்க பெங்களூரா, தோத்தாபுரினு சொல்வாங்க, ஜூஸ் கம்பெனிக்கு போற கூழ் பெரும்பாலும் அது தான். வளைகாப்புக்கு வந்தவன் கைல ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டு வந்தான், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாத்தா பிரிக்ஸ் எவ்ளோனு காட்டும், அதாவது கரைஞ்சிருக்கற சர்க்கரை கிட்டத்தட்ட எத்தன சதவீதம்னு. நம்ம பல்ப் 9 கூட முழுசா காட்டல. "அக்கா, பெங்களூரா கூழே 14க்கு கீழ இருந்தா நாங்க லாரிய திருப்பி அனுப்பிடுவோம், அல்ஃபோன்சானா 16, இமாம்பசந்து அதுக்கும் குறையாது, இதுல பாதிக்கு பாதி தண்ணி, இனிக்கறது வேற ஏதோ"ன்னான். சாக்ரின் மாதிரி செயற்கை இனிப்பு துளி போட்டாலே பயங்கரமா இனிக்கும், ஆனா மீட்டர்ல ஏறாது, ஐஸ மென்மையாவும் ஆக்காது, கடைசில அந்த கசப்பு மட்டும் நாக்குல நிக்கும். எல்லாம் பொருந்துது. போட்டது எதுன்னு லேப் தான் சொல்லணும், ஆனா பழத்தோட சர்க்கரை இல்லங்கறதுக்கு லேப் வேண்டாம்.

அவன் இன்னும் ரெண்டு சோதனை காட்டினான், வீட்ல யார் வேணா பண்ணலாம். கொஞ்சம் பல்ப் ஒரு தட்டுல வச்சு (அத அப்புறம் சாப்பிடக்கூடாது) பெட்டாடின் ஒரு சொட்டு விடுங்க, அதுல அயோடின் இருக்கு, ஸ்டார்ச் பட்டா கருநீலமா மாறும். நல்லா பழுத்த மாம்பழத்துல ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரையா மாறி இருக்கும், அதனால பெருசா நிறம் மாறாது. நம்மது விட்ட உடனே கருத்துடுச்சு, ஒண்ணு சோளமாவு மாதிரி ஏதாவது போட்டு கெட்டியாக்கிருக்கணும், இல்ல பழுக்காத காய அரைச்சிருக்கணும். ரெண்டாவது, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் பல்ப் கலக்கி அசையாம வைங்க, மாம்பழத்தோட மஞ்ச நிறம் தண்ணில கரையாத வகை, சதையோட சேந்து அடில போய் உக்காரும், சாயம் போட்டிருந்தா மேல நிக்கற தண்ணியே பளிச்னு மஞ்சளா நிக்கும். எங்க டம்ளர்ல ராத்திரி பூரா வச்சும் மஞ்ச போகல.

வளைகாப்புக்கு சப்போட்டா குல்ஃபி பண்ணி குடுத்தேன், நல்லா தான் இருந்துச்சு. ஆனா அவ கேட்டது மாம்பழம், அவ முகத்த பாத்துட்டு எனக்கு மனசே சரியில்ல. இத டேஸ்ட் பாக்காம அப்படியே அவளுக்கு குடுத்திருந்தா? இன்னும் எத்தன பேர் வீட்ல ஆறு மாச குழந்தைக்கு ப்யூரினு இத ஊட்டிட்டு இருக்காங்களோ, அந்த பேஜ் கமென்ட்ல பாதி பேர் அத தான் கேக்கறாங்க.

பேஜ்ல கேட்டதுக்கு வரிசையா வந்த பதில்: முதல்ல "நேச்சுரல் ப்ராடக்ட் மேம், பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்". அப்புறம் "உங்க ஃப்ரீசர் ப்ராப்ளம்". மீட்டர் ஃபோட்டோ அனுப்பினதும் "அன்பாக்சிங் வீடியோ இருக்கா, இல்லனா ரீஃபண்ட் பாலிசி கிடையாது". பாக்கெட் பிரிக்கற வீடியோவுக்கும் உள்ள இருக்கற கூழ் மாம்பழமாங்கறதுக்கும் என்ன சம்பந்தம்? கமென்ட்ல எழுதினேன், டெலீட் பண்ணி ப்ளாக் பண்ணிட்டாங்க. தங்கச்சி போன்ல இருந்து பாத்தா பேஜ் நல்லா ஓடிட்டு இருக்கு, சீத்தாப்பழ பல்ப் ஆஃபர் போட்டிருக்காங்க.

இந்த அன்பாக்சிங் வீடியோ கதைய நம்பி நிறைய பேர் அப்படியே விட்டுடறாங்க, விடாதீங்க. 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்ல தெளிவா இருக்கு, பொருள் குறையா இருந்தா, போலியா இருந்தா, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லனா விக்கறவங்க திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாது. நான் 1915க்கு போன் பண்ணி, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், கம்ப்ளைன்ட் பதிஞ்சு நம்பர் வாங்கினேன். அப்புறம் மாவட்ட உணவு பாதுகாப்பு ஆபீஸ்ல, நியமன அலுவலர்னு இருப்பாங்க, அவங்ககிட்ட எழுத்துல குடுத்தேன், கூரியர் ஸ்லிப்ல இருந்த அனுப்புனர் அட்ரஸ், ஜிபேல காட்டின பேர், சாட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேத்து. ஸ்க்ரீன்ஷாட்ட ப்ளாக் ஆகறதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க, ரீல்ஸையும் ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, அது தான் விளம்பரத்துக்கு சாட்சி. பிரிக்காத ரெண்டு பாக்கெட்ட அப்படியே ஃப்ரீசர்ல வச்சிருக்கேன், கோவத்துல தூக்கி போட்டுடாதீங்க யாரும்.

கடைல நேர்ல வாங்கறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, 2006 உணவு பாதுகாப்பு சட்டம் 40வது பிரிவுல வாங்கறவங்களே கட்டணம் கட்டி உணவு பகுப்பாய்வாளர்கிட்ட சோதனை பண்ண முடியும், தப்புன்னு ரிப்போர்ட் வந்தா கட்டின காச திருப்பி குடுப்பாங்க, ஆனா சோதனைக்கு குடுக்கப்போறேன்னு வாங்கும்போதே விக்கறவங்ககிட்ட சொல்லிடணும்.

ஆன்லைன்ல வாங்கியே ஆகணும்னா பணம் அனுப்பறதுக்கு முன்னாடி 14 இலக்க நம்பர கேளுங்க, ஃபாஸ்காஸ்னு எஃப்எஸ்எஸ்ஏஐயோட சைட் இருக்கு, அதுல போட்டா யார் பேர்ல இருக்கு, இன்னும் செல்லுமானு காட்டும், நம்பர் இருந்தாலும் வேற யாரோடதாவது போட்டிருக்காங்களானு பாருங்க. பாக்கெட்டோட பின்பக்க ஃபோட்டோ கேளுங்க, முன்பக்கம் எல்லாரும் அழகா தான் அடிப்பாங்க. செயற்கை இனிப்போ கலரோ போட்டா லேபிள்ல எழுதியே ஆகணும். என்ன கேட்டா சீசன் இல்லாதப்ப இந்த பேஜ்கள விட ஃபேக்டரி டின் கூழ் எவ்வளவோ மேல், சூடுபண்ணி அடைச்சது, வாசனை கொஞ்சம் குறையும், ஆனா டின்ல எல்லாம் எழுதி இருக்கும். சர்க்கரை சேத்த டின்னா மட்டும் பாத்து நாம போடற சர்க்கரைய குறைச்சுக்கணும்.

இந்த மே மாசம் நான் நானே போட்டு வைக்க போறேன். பழம் நல்லா பழுத்து காம்பு கிட்ட வாசனை வர்றப்ப வழிச்சு, ஒரு கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழ சாறு விட்டு அரைச்சு, ஜிப் கவர்ல அரை அரை கிலோவா காத்து இல்லாம தட்டையா பரத்தி ஃப்ரீசர்ல அடுக்கினா சீக்கிரம் உறையும், ஐஸ் துகள் பெருசாகாது, அடுத்த தை மாசம் வரைக்கும் கவலை இல்ல. கவர் மேல தேதி எழுதிடுங்க, உருகினத மறுபடி உறைய வைக்காதீங்க.

சீத்தாப்பழம், நாவல்பழம், பலாப்பழ பல்ப்னு இதே மாதிரி பேஜ்கள்ல வாங்கி ஏமாந்தவங்க இருந்தா 1915ல பதிங்க, பேஜ் பேர இங்க போட வேண்டாம், கம்ப்ளைன்ட் பதிஞ்சிட்டீங்களானு மட்டும் சொல்லுங்க. எப்படி எழுதறதுனு தெரியலனா கேளுங்க, நான் குடுத்த லெட்டரோட மாதிரிய அனுப்பறேன்.