ரெக்கார்டில் ஸ்டாட்டிக்கும் தூசியும்: பிரஷ்ஷா, துப்பாக்கியா, தண்ணீரா?

காகித உறையிலிருந்து வினைல் ரெக்கார்டை, அதாவது இசைத்தட்டை, உருவும்போது மெல்லிசாகப் படபடவென்று ஒரு சத்தம் கேட்கும், கையை அருகில் கொண்டுபோனால் முன்கை ரோமம் எழுந்து நிற்கும், பாட்டு முடிந்து தட்டைத் தூக்கினால் கீழே விரித்திருக்கும் ஃபெல்ட் துணியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இதில் ஒன்று நடந்தாலும் உங்கள் முதல் பிரச்சினை ஸ்டாட்டிக் (உரசலால் ஏறித் தங்கும் மின்னூட்டம்), தூசி அதற்கு அடுத்துதான். வினைல் என்பது பிவிசி, மின்சாரத்தைக் கடத்தாத பொருள். காகிதத்தில் உரசினால் மின்னூட்டம் ஏறும், ஏறியது இறங்க வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு அறையில் மிதக்கும் நூலையும் முடியையும் இழுத்துக்கொண்டே இருக்கும். துடைத்து வைத்த ரெக்கார்டு கொஞ்ச நேரத்தில் மறுபடி தூசி பிடித்து நிற்பது இதனால்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி ஆகும். அந்த இடைவெளியில் தவறாமல் 'டக், டக்' என்று வந்தால் அது கீறல், எந்தத் துடைப்பும் அதைச் சரிசெய்யாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதே பாட்டை மறுபடி போட்டால் வேறு வேறு இடத்தில் வெடித்தால் ஸ்டாட்டிக். எண்ணெய்ச் சட்டியில் பொரிவது மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஊசி ஓடும் பள்ளத்துக்குள் அழுக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வதால்தான் ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

முதலில் கார்பன் ஃபைபர் பிரஷ். பெரும்பாலானவர்களிடம் இருப்பது இதுதான், தப்பாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். பள்ளத்தின் மேல்வாய் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், கார்பன் நார் ஒன்றின் தடிமன் 0.007 மில்லிமீட்டர் அளவு, அதனால் நுனி உள்ளே இறங்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் ஸ்டாட்டிக்கையும் ஓரளவு வடித்துவிடும், ஆனால் வடிவதற்கு வழி வேண்டுமே: நார்க்கற்றை உலோகப் பிடியைத் தொட்டு, அந்த உலோகத்தில் உங்கள் விரலும் பட்டிருந்தால்தான் மின்னூட்டம் உடல் வழியாக இறங்கும். பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினால் தூசி போகும், ஸ்டாட்டிக் அப்படியே இருக்கும். தட்டு சுற்றும்போது நார் நுனி மட்டும் படும்படி இரண்டு மூன்று சுற்று வைத்திருங்கள், அழுத்த வேண்டாம். சூட்சுமம் அதற்கு அப்புறம் இருக்கிறது. அப்படியே நேராகத் தூக்கினால் சேர்ந்த தூசியெல்லாம் ரெக்கார்டின் மேல் கோடு இழுத்த மாதிரி கிடக்கும். பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து, வெளிவிளிம்பை நோக்கி நிதானமாக நகர்த்திக்கொண்டே போய் விளிம்புக்கு வெளியேதான் எடுக்க வேண்டும். ஷூர் நிறுவனம் தன் வி15 டைப் 4 காட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பகுதி) முன்பக்கம் இதே கார்பன் நாரில் ஒரு குட்டி பிரஷ் வைத்திருந்தது, பாட்டு ஓடும்போதே ஊசிக்கு முன்னால் தூசியைத் தள்ளி மின்னூட்டத்தையும் வடிக்கிற ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

இந்த பிரஷ்ஷால் முடியாதது ஒன்று உண்டு. பள்ளத்தின் சுவரில் ஒட்டிக் காய்ந்த விரல் எண்ணெயும் புகைக் கறையும் இதற்கு அசையாது. மேலே கிடக்கும் தூசிக்குத்தான் இது.

வெல்வெட் பட்டை மென்மையாக இருக்கும், ஆனால் பள்ளத்துக்குள் போகாது, உலர்ந்த நிலையில் தேய்த்தால் புதிதாக ஸ்டாட்டிக் ஏற்றும். ஒட்டும் தன்மையுள்ள உருளை தூசியைத் தள்ளாமல் தூக்கி எடுக்கிறது, அதில் பிரஷ்ஷைவிட மேல். ஆனால் ஒட்டியதைப் பிரிக்கும்போதெல்லாம் மின்னூட்டம் பிறக்கும் என்பதை மறக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் உலர்வாகத் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள், அது இரண்டு பிரச்சினையையும் கூட்டத்தான் செய்யும்.

ஸ்டாட்டிக் துப்பாக்கி, அதாவது ரெக்கார்டை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தி மின்னூட்டத்தைப் போக்கும் கைக்கருவி, இதைப் பற்றி இரண்டு கட்சி. மந்திரம் என்பார்கள் சிலர், ஏமாற்று என்பார்கள் சிலர். இரண்டு பேரும் விசையை எப்படி அழுத்தினார்கள் என்று பார்த்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். மில்ட்டி நிறுவனத்தின் ஸீரோஸ்டாட் துப்பாக்கி மாதிரியானவற்றில் பேட்டரி கிடையாது, உள்ளே இருக்கும் பீசோ படிகத்தை நெருக்கும்போது மின்னழுத்தம் பிறந்து, அழுத்தும்போது நேர் அயனியும் விடும்போது எதிர் அயனியும் முனையிலிருந்து வெளியே வரும். இரண்டையும் மெதுவாகச் செய்ய வேண்டும், அழுத்த இரண்டு வினாடி, விட இரண்டு வினாடி என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொள்வேன். 'க்ளிக்' என்று கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். சரியாகச் செய்தால் ஃபெல்ட் விரிப்பு ஒட்டாமல் ரெக்கார்டு தனியாக எழும்பும், அதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஒரு துளி தூசியைக்கூட இது எடுக்காது, பிடியைத் தளர்த்திவிடும், எடுப்பது பிரஷ்ஷின் வேலை. அதனால் துப்பாக்கி முதலில், பிரஷ் அப்புறம். பழைய சாமான்களில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் பொதிந்த ஸ்டாட்டிக் பிரஷ் எப்போதாவது கண்ணில் படும். 138 நாளுக்கு ஒருமுறை அதன் வலு பாதியாகும், ஆக பல வருஷம் கழித்து கிடைப்பது வெறும் பிரஷ்தான்.

தண்ணீருக்கு வருவோம், என் ஓட்டு இதற்குத்தான். ஊசி ரெக்கார்டின் மேல் வைக்கும் பாரம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிராம்தான், ஆனால் அது விழுவது மிகச் சிறிய முனையில் என்பதால் அங்கே அழுத்தம் மிக அதிகம். அழுக்கோடு ஒவ்வொரு முறை பாடவிடும்போதும் அந்தத் துகளைப் பள்ளத்தின் சுவரில் அரைத்துத் தேய்க்கிறோம். பழைய ரெக்கார்டு வாங்கினால் ஊசி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை கழுவிவிடுங்கள், புதிதாக வாங்கியதையும்தான், அச்சிட்டு உறையிலிட்ட இடத்தின் தூசியும் காகிதத் துகளும் அதிலும் இருக்கும்.

காய்ச்சி வடித்த தண்ணீர், மணமில்லாத நுரைப்பான் (சோப்புத் திரவம்) சில துளி, மென்மையான மயிர் பிரஷ், அவ்வளவு போதும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு காய்ந்ததும் பள்ளத்திலேயே தங்கும், அதனால் அலசுவதாவது வடித்த தண்ணீரில் இருக்கட்டும். நடுவில் உள்ள லேபிளை நனைக்காமல், பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். நனைந்த நொடியே ஸ்டாட்டிக் போய்விடும், ஈரத்தில் மின்னூட்டம் நிற்காது. கோட்டை விடுவது காயவைக்கும்போதுதான்: ஈரம் போன பிறகும் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் போன ஸ்டாட்டிக் திரும்பி வந்துவிடும். ஒற்றி எடுத்துவிட்டு, நிறுத்தி வைத்துக் காற்றிலேயே காயவிடுங்கள். வேக்யூம் இயந்திரத்திலும் இதே கதை. கரைந்த அழுக்கைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுப்பதில் கைக்கழுவலைவிட அது மிகவும் மேல், ஆனால் ஈரம் போய்விட்டதா என்ற சந்தேகத்தில் ஐந்தாறு சுற்று கூடுதலாக ஓட்டினால் உலர்ந்த தட்டை உரசிக்கொண்டிருக்கிறோம். ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்திவிடுங்கள்.

அல்ட்ராசோனிக் தொட்டி பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் தண்ணீரை அதிரவைத்து, நுண்குமிழ்கள் உடையும் வேகத்தில் அழுக்கைப் பெயர்க்கிறது, எதுவும் தேய்க்காமலே. நூற்றுக்கணக்கில் ரெக்கார்டு வைத்திருப்பவருக்கு நல்லது, இருபது முப்பது இருப்பவருக்கு அவசியமில்லை. மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசையைப் பூசிக் காயவைத்துத் தோலாக உரிக்கும் முறையில் அழுக்கு நிஜமாகவே வரும், ஆனால் உரிக்கும் அந்த ஒரு இழுப்பில் ஏறும் ஸ்டாட்டிக் வேறு எதிலும் ஏறுவதில்லை, ஒரு துணுக்குப் பசை உள்ளே நின்றுவிட்டால் எடுப்பதும் பெரும்பாடு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழுவியதைப் பழைய காகித உறைக்குள்ளேயே திரும்பப் போடுவது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டுவதுதான். உள்பக்கம் பாலித்தீன் படலம் வைத்த ஸ்டாட்டிக் எதிர்ப்பு உறை வாங்குங்கள். இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும்விடச் செலவு குறைவு, பலன் நாள்பட நிற்கும். பிவிசி உறை மட்டும் வேண்டாம், நாளடைவில் ரெக்கார்டின் மேல் மங்கல் படியும். ஃபெல்ட் விரிப்பை எடுத்துவிட்டுக் கார்க்கோ ரப்பரோ போட்டாலே சிலருக்குப் பாதித் தொல்லை தீரும். ஏசி ஓடும் உலர்ந்த அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் என்ன செய்தாலும் ஸ்டாட்டிக் திரும்ப வரும், துப்பாக்கி உண்மையிலேயே தேவைப்படும் இடம் அதுதான்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் கலந்த திரவம் வினைலுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கு, ஆல்கஹாலில் அரக்கு கரையும். வினைலுக்குக் கலந்து வைத்த அதே புட்டியை ஒருமுறை யோசிக்காமல் ஒரு 78 தட்டில் ஊற்றிவிட்டேன். பிரஷ் போன வழியெல்லாம் பளபளப்பு செத்து, துணியில் கறுப்பாக இறங்கியது, இன்றைக்கும் அந்தத் தட்டின் முதல் அரை நிமிஷம் வெறும் இரைச்சல்தான். இப்போது இரண்டு புட்டி தனித்தனியாக வைத்திருக்கிறேன், 78க்கு உள்ளதில் வடித்த தண்ணீரும் இரண்டு துளி நுரைப்பானும் மட்டும்தான்.