சொந்த வாழ்க்கை திரைக்கு வரும் இரண்டு வழிகள்

கோஸ்டா-காவ்ரஸ் இயக்கிய 'இசட்' (1969), ரோமன் போலன்ஸ்கியின் 'தி கோஸ்ட் ரைட்டர்' (2010). இரண்டுமே அரசியல் த்ரில்லர், இரண்டுமே நாவலிலிருந்து வந்தவை. இயக்குநரின் வாழ்க்கை நுழைந்த வழிதான் வேறு.

கோஸ்டா-காவ்ரஸின் தந்தை இடதுசாரி என்பதால் கிரீஸில் சிறை சென்றவர். மகனுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு மூடியது, பாரிஸுக்குப் போனார். 1963-இல் கிரேக்க எம்.பி. லம்ப்ராகிஸ் கொல்லப்பட்டதைத்தான் 'இசட்' சொல்கிறது. படமெடுத்த காலத்தில் கிரீஸில் ராணுவ ஆட்சி. அதனால் அல்ஜீரியாவில் படமெடுத்தார்கள். நிஜ மனிதர்களோடு உள்ள ஒற்றுமை வேண்டுமென்றே வைத்தது என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறது படம். அந்தக் கோபம் எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை.

போலன்ஸ்கியிடம் விஷயம் சிக்கலானது. சிறுமி தொடர்பான பாலியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன் 1978-இல் அமெரிக்காவை விட்டு ஓடியவர். கைதுக்குப் பயந்து ஊர் திரும்ப முடியாமல் அமெரிக்கத் தீவில் முடங்கிய முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரின் கற்பனைக் கதையைப் படமாக்கினார். அந்தத் தீவைக்கூட ஜெர்மனியில்தான் உருவாக்க வேண்டியிருந்தது. படப்பிடிப்புக்குப் பிறகு, 2009-இல் சூரிக்கில் கைதானார். படத்தின் இறுதிப் பணிகள் காவலில் இருந்தபடியே நடந்தன.

சரி, எது வலுவானது? அடைபட்ட வீடு, ஓயாத மழை எனப் போலன்ஸ்கி காட்டும் மூச்சுமுட்டல் அபாரம். ஆனாலும் நான் 'இசட்' பக்கம். ஒருவர் தனக்கு நேர்ந்த அநீதியிலிருந்து பேசுகிறார். மற்றவர் நீதியிலிருந்து தப்பியவர். அந்த வித்தியாசத்தை என்னால் ஒதுக்கிவைத்துப் பார்க்க முடியவில்லை.