வலி விட்டது, கால் திரும்பவில்லை: சயாட்டிகாவுக்குப் பிந்தைய நீண்டகால அனுபவம்

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு விலகி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும்போது வலி வரும், பலவீனமும் வரும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் அந்த வலியைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வலி குறைந்ததும் குணமாகிவிட்டது என்று பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு வலி சில வாரங்களில் தணிந்தது. பாதத்தின் பலம் திரும்ப ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்தது. அந்த இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள். எனக்குப் பிரச்சினை நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலிருந்த ஜவ்வில். அங்கே பிதுங்கினால் பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பின் வேர், அதாவது எல்-5, மாட்டிக்கொள்ளும். பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்கும் வேலை அதனுடையது. பிட்டத்தில் தொடங்கி தொடையின் பின்புறமாக, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் பாதம் வரை சுள்ளென்று இழுத்த வலிதான் முதலில் தெரிந்தது. பிறகு செருப்பு காலிலிருந்து கழன்றுபோவதே தெரியாமல் நடந்தேன். பாதம் தரையில் தட்டென்று விழும் சத்தம் கேட்டது. குதிகாலில் நிற்கச் சொன்னார் மருத்துவர், முடியவில்லை. தசை பலத்தை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள். என் பாதம் 3-இல் இருந்தது. அதாவது புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியும், விரலால் லேசாக அழுத்தினாலே விழுந்துவிடும்.

பலவீனம் நாளுக்கு நாள் கூடவில்லை, சிறுநீர் கழிப்பதிலும் சிக்கல் இல்லை என்பதால் அறுவை சிகிச்சை இல்லாமல் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எல்லோருக்கும் இது பொருந்தாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்படாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் பலவீனமானாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் கீழ்நுனியிலுள்ள நரம்புக் கொத்தே அழுத்தப்படுகிறது என்பதற்கான அறிகுறி அது. வலி திடீரென்று குறைந்து பலவீனம் கூடுவதும் நல்ல செய்தி இல்லை. வலி போயிற்றே என்று யாரும் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது.

பிதுங்கிய ஜவ்வு அப்படியே இருந்துவிடும் என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. பலருக்கு அது மாதக்கணக்கில் மெல்லச் சுருங்குகிறது. வெளியே வந்த துண்டை உடலே அந்நியப் பொருளாகக் கண்டு கரைக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் பெரிதாகத் தெரியும் துண்டுகள்கூடக் கரைவதுண்டு. இதைத் தெரிந்துகொண்டபோது கிடைத்த தைரியம் பெரிய மருந்து.

படுத்தே கிடக்கச் சொல்வது பழைய வழக்கம். வலி மிகக் கடுமையாக இருந்த ஓரிரு நாட்களைத் தவிர, சிறிது நேரம் நடப்பது, கொஞ்சம் படுப்பது, திரும்ப நடப்பது என்று மாற்றி மாற்றிச் செய்ததே பலன் தந்தது. நெடுநேரம் உட்கார்வதுதான் மோசம். குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மேலுடலை உயர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்தார். நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி 1950-களில் தொடங்கி வளர்த்தெடுத்த முறை அது. அதில் கவனிக்க வேண்டியது வலி எங்கே நகர்கிறது என்பதை. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறிவந்தால், இடுப்பு வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல போக்கு. கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கியவர்களுக்குப் பின்னால் வளைவது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் மாத்திரை எனக்குத் தலைசுற்றலைத் தந்தது, வலிக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2017-இல் வந்த ஆய்விலும் சயாட்டிகா வலியில் அது மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடச் சிறப்பாக இல்லை. ஆனால் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இடுப்பு பெல்ட் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆறுதல் தந்தது, அவ்வளவுதான்.

மிக உபயோகமாக இருந்தது காலணிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி, ஏ.எஃப்.ஓ. என்பார்கள். பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். தடுக்கி விழும் பயம் போனதால்தான் நடக்கும் தூரத்தைக் கூட்ட முடிந்தது. அதற்கு ஓர் அளவு பெரிய ஷூ வேண்டும். தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மரத்துப்போன பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது.

பயிற்சியில் பலரும் பாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் பிட்டத் தசைக்கும் எல்-5 நரம்புதான். ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சரிந்தால் அந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியைச் சேர்த்த பிறகுதான் என் நடை நேரானது. பாதத்துக்கு, உட்கார்ந்தபடி விரல்களைத் தூக்குவதில் தொடங்கி, மெல்ல ரப்பர் பட்டை இழுப்புக்கு மாறினேன்.

இவ்வளவு காலம் ஏன் பிடிக்கிறது? நரம்பு இழையே சேதமாகியிருந்தால் அது சுமார் நாளுக்கு 1 மி.மீ. வேகத்தில்தான் வளர்கிறது. இடுப்பிலிருந்து பாதத்துக்குத் தூரம் அதிகம். அதோடு, தப்பித்த நரம்பு இழைகள் பக்கத்துத் தசை இழைகளுக்குக் கிளைவிட்டு உதவுகின்றன. இழை சேதமாகாமல், அழுத்தத்தால் நரம்பின் சமிக்ஞைக் கடத்தல் மட்டும் தடைப்பட்டவர்களுக்குச் சீக்கிரமே பலம் திரும்பிவிடும். எந்த வகை என்பதை நரம்புக் கடத்தல், தசை மின் பரிசோதனைகள் ஓரளவு காட்டிவிடும்.

இப்போது தாங்கி இல்லாமல் நடக்கிறேன், படிகளில் இறங்குகிறேன், குதிகாலில் நிற்கிறேன். பெருவிரல் மட்டும் மறுகால் அளவுக்கு எழவில்லை. பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடம் இன்னும் மரத்தே இருக்கிறது. ரப்பர் பட்டை இழுப்பு தொடர்கிறது. மேடுபள்ளமான பாதையில் நீண்ட தூரம் போகும்போது தாங்கியைப் பையில் எடுத்துக்கொள்கிறேன்.