சைக்கோபை: செயல்திறன் ஆய்வுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

மனிதச் செயல்திறன், கவனம், களைப்பு, மனச்சுமை ஆகியவற்றில் முதுநிலை அல்லது முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் முதல் ஆண்டிலேயே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பங்கேற்பாளருக்குத் திரையில் எதை, எப்போது, எவ்வளவு நேரம் காட்டுவது, அவர் பட்டனை அழுத்திய கணத்தை எப்படிப் பதிவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. இந்தத் தேர்வு தவறினால் ஆய்வேட்டின் கடைசி அட்டவணை வரை தவறு கூடவே வரும். இத்தகைய மென்பொருள்களில் ஒன்றான சைக்கோபையை இந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் மதிப்பிடுகிறோம். எங்கள் தீர்ப்பு: பெரும்பாலான ஆய்வகங்களுக்கு இதுதான் சரியான தேர்வு. ஆனால் நிறுவியவுடன் கிடைக்கும் எண்களை அப்படியே நம்பக் கூடாது. திரை, கீபோர்டு, நிரல் மூன்றையும் சேர்த்து அளந்து பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

சைக்கோபை ஒரு திறமூல மென்பொருள், பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கிய இதன் முதல் ஆய்வுக் கட்டுரை 2007-இல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு பில்டர், தெரிந்தவர்களுக்கு கோடர் என இரண்டு முகங்கள் உண்டு. பில்டரில் படம் வரைவதுபோல் அடுக்கிய சோதனையை அது பைத்தான் நிரலாக மாற்றித் தருகிறது. அந்த நிரலைத் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். நெறியாளரோ கட்டுரையின் மதிப்பாய்வாளரோ "எதிர்வினை நேரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது?" என்று கேட்டால் சரியான வரியைக் காட்ட முடியும். பூட்டிய பெட்டியாக வரும் மென்பொருள்களில் இந்த வசதி இல்லை. எங்கள் கணக்கில் சைக்கோபையின் மிகப் பெரிய பலம் இதுதான்.

பில்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சோதனையை வைத்தே பார்ப்போம். தூக்கமின்மை ஆய்வுகளில் அன்றாடம் பயன்படும் பிவிடி என்ற விழிப்புச் சோதனையை 1985-இல் டிங்கஸும் பவலும் அறிமுகப்படுத்தினார்கள். அதன் வழக்கமான வடிவம் 10 நிமிடம். 2 முதல் 10 விநாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் திரையில் மில்லி விநாடிகளைக் காட்டும் எண்ணி (கவுன்ட்டர்) ஓடத் தொடங்கும், பார்த்ததும் பட்டனை அழுத்த வேண்டும். பில்டரில் இதற்கு மூன்று ரொட்டீன்கள் (சோதனையின் கட்டங்கள்) போதும்: காத்திருப்பு, எண்ணி, பின்னூட்டம். மூன்றையும் ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் அமைப்பு) போட்டு, சுற்றுகளை 200 என்று வைக்க வேண்டும். 10 நிமிடத்தில் அத்தனை சுற்று வராது. சுமார் 80 முதல் 100 வரைதான் வரும். ஆகவே அறிவுரைத் திரை முடியும் இடத்தில் ஒரு கடிகாரத்தைத் தொடங்கி, 600 விநாடி தாண்டியதும் லூப்பை முடிக்கச் சொல்லி, நாமே நிரல் எழுதும் கோட் காம்போனன்ட் என்ற உறுப்பில் ஒரு வரி எழுத வேண்டும். இந்த ஒரு வரியைத் தவிர்க்கப் பார்த்து, "90 சுற்று போதும்" என்று வைத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி வைத்தால் மெதுவாகப் பதிலளிப்பவருக்குச் சோதனை நீளும், வேகமானவருக்குச் சுருங்கும். களைப்பு ஆய்வில் அதுவே முடிவைக் கெடுத்துவிடும்.

காத்திருப்பு ரொட்டீனிலும் ஒரு கீபோர்டு காம்போனன்ட் கட்டாயம் வேண்டும். எண்ணி தோன்றும்போதுதான் கீபோர்டு விழிக்கும் என்று வைத்தால், அவசரப்பட்டு முன்கூட்டியே அழுத்தியவை எங்கும் பதிவாகாது. பிவிடியில் அந்த அவசர அழுத்தங்களும் ஓர் அளவீடுதான். எண்ணி ரொட்டீனில் இருக்கும் கீபோர்டுக்கு "முந்தையவற்றை விலக்கு", "திரையோடு நேரத்தை ஒத்திசை" ஆகிய இரண்டு தேர்வுகளும் இயங்கியிருக்க வேண்டும். இரண்டாவது தேர்வு விட்டுப்போனால், எண்ணி உண்மையில் திரைக்கு வரும் கணத்திலிருந்து கடிகாரம் ஓடாது.

அடுத்து, புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம்: பின்னூட்டம். "உங்கள் நேரம் 287" என்று காட்ட, கோட் காம்போனன்டில் செய்தியைத் தயாரித்து, டெக்ஸ்ட் காம்போனன்டில் காட்டுவோம். ஒரு ரொட்டீனுக்குள் இருப்பவை மேலிருந்து கீழாகத்தான் இயங்கும். கோட் கீழேயும் டெக்ஸ்ட் மேலேயும் இருந்தால், முதல் சுற்றில் "மாறி இல்லை" (செய்தியைத் தாங்கும் பெயர் இன்னும் உருவாகவில்லை) என்று நிரல் நின்றுவிடும். அதைச் சமாளிக்க மாறிக்கு முன்கூட்டியே ஏதாவது மதிப்பு கொடுத்தால் நிற்காமல் ஓடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றின் நேரத்தைக் காட்டும். இது பிழைச் செய்தி எதுவும் தராத பிழை என்பதால் கண்ணில் படாமலே போகலாம். கோட் காம்போனன்டை மேலே நகர்த்தினால் தீர்ந்தது. இன்னொன்று: பதிலே வராத சுற்றில் எதிர்வினை நேரம் காலியாக இருக்கும். அதை எண்ணாகக் கருதி கணக்கிட்டால் சோதனை நடுவில் நின்றுபோகலாம். காலியா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

எக்ஸெல் கோப்பிலிருந்து தூண்டல்களை (பங்கேற்பாளருக்குக் காட்டும் சொல், படம் போன்றவை) எடுக்கும் சோதனைகளில் வரும் தொல்லை வேறு. மாறியின் பெயருக்கு முன் டாலர் குறி போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் "மாறாதது" என்ற தேர்வை "ஒவ்வொரு சுற்றிலும்" என்று மாற்ற மறந்தால், லூப் தொடங்குவதற்கு முன்பே மாறியைத் தேடி நிரல் முறையிடும். நெடுவரிசைத் தலைப்பில் இடைவெளி இருந்தாலும் ஏற்காது. அழுத்தக் கூடாத சுற்றுகளுக்கு, சரியான விடை நெடுவரிசையில் பைத்தானின் "None" என்ற சொல்லை எழுத வேண்டும். வெறுமனே விட்டுவிட்டால், சரியாக அடக்கிக்கொண்டவரும் தவறு செய்தவராகப் பதிவாகலாம்.

இனி நேரம். 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை, ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு புதுப்பிப்புக்கு) 16.67 மில்லி விநாடி எடுக்கும். ஆகவே 200 மில்லி விநாடி என்பது 12 ஃப்ரேம், 50 என்பது 3 ஃப்ரேம். 40 மில்லி விநாடி என்று ஒன்று அந்தத் திரையில் கிடையாது. 33-ஆகவோ 50-ஆகவோதான் வரும். "தூண்டல் 40 மில்லி விநாடி காட்டப்பட்டது" என்று எழுதியுள்ள ஆய்வேட்டைக் கண்டால், திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டைக் கேட்காமல் நகரக் கூடாது. ஆய்வகத்தில் ஒரே திரையைப் பயன்படுத்தும்போது, குறுகிய தூண்டல்களின் நீளத்தை விநாடியில் இல்லாமல் ஃப்ரேம் எண்ணிக்கையில் கொடுப்பதே நல்லது. பெரிய படங்கள் ஏற நேரம் பிடித்து ஃப்ரேம்கள் தவறலாம். ஆறாயிரம் பிக்சல் அகலப் படத்தை அறுநூறு பிக்சலில் காட்டுவதில் பயனில்லை, முன்பே சுருக்கிவிட வேண்டும். இடைவேளையில் படத்தை ஏற்றிக்கொள்ள ஸ்டாட்டிக் காம்போனன்ட் இருக்கிறது.

பதிலின் பக்கத்தில் கதை இன்னும் சிக்கலானது. சாதாரண யூஎஸ்பி கீபோர்டு தன் மின்சுற்றை வருடிப் பார்க்கவும், அதிர்வை வடிகட்டவும், கணினிக்குச் செய்தி அனுப்பவும் நேரம் எடுத்துக்கொள்கிறது. இவையெல்லாம் சேர்ந்து 20 முதல் 40 மில்லி விநாடி தாமதம் வருவது சாதாரணம். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால், ஒரே நபரின் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது கழிந்துவிடும் என்பார்கள். சராசரிகளின் வேறுபாட்டுக்கு அது சரி. பிவிடிக்குச் சரியல்ல. அங்கே 500 மில்லி விநாடியும் அதற்கு மேலும் கவனத் தவறல் என்று எண்ணப்படுகிறது. உண்மையில் 470-இல் அழுத்தியவரின் பதில், 40 மில்லி விநாடி தாமதமுள்ள கீபோர்டில் 510 ஆகி, தவறல் பட்டியலில் சேர்ந்துவிடும். எல்லை நிலையானது, அளவுகோல் நகர்ந்துவிட்டது. நேரத்தின் தலைகீழ் மதிப்பைச் (1/நேரம்) சராசரி எடுத்தாலும் தாமதம் கழியாது. எனவே ஆய்வின் நடுவில் கீபோர்டையோ திரையையோ மாற்றினால், களைப்பின் விளைவு என்று நாம் எழுதுவது கீபோர்டின் விளைவாக இருக்கலாம்.

மென்பொருளைக் குறை சொல்ல இதில் பெரிதாக எதுவும் இல்லை. 2020-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் சைக்கோபை, சைக்டூல்பாக்ஸ், பிரசன்டேஷன், ஈ-பிரைம் என்ற நான்கு மென்பொருள்களும் ஆய்வகக் கணினிகளில் சராசரியாக 1 மில்லி விநாடிக்குள் துல்லியம் காட்டின. அதை நடத்தியவர்களில் சைக்கோபையை உருவாக்கியவர்களும் அடக்கம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆய்வில் காட்சித் தூண்டல்களுக்கு மேக் கணினிகள் பின்தங்கின. சோதனைக்கென்றே ஒரு கணினி வாங்குவதானால் விண்டோஸ் அல்லது லினக்ஸ் பக்கம் போவது நல்லது.

அளப்பது எப்படி? நல்ல வழி, ஒளியை உணரும் ஃபோட்டோடயோடு. தூண்டல் தோன்றும் அதே இடத்தில் அதை ஒட்ட வேண்டும். திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதால், 60 ஹெர்ட்ஸில் மேல் ஓரத்துக்கும் நடுப்பகுதிக்கும் ஏறக்குறைய 8 மில்லி விநாடி வித்தியாசம் வரும். மூலையில் ஒட்டி நடுப்பகுதிக்குக் கணக்கு சொல்லக் கூடாது. கருவி இல்லாதவர்கள் கைபேசியின் 240 ஃப்ரேம் வேகப் பதிவில் விரலையும் திரையையும் ஒன்றாகப் படம் பிடிக்கலாம். ஒரு ஃப்ரேமுக்கு 4 மில்லி விநாடி சொச்சம். நுண்ணிய ஏற்ற இறக்கம் இதில் தெரியாது, பெரிய தாமதம் கட்டாயம் தெரியும். அளக்கும் முன் இரண்டாவது திரையைக் கழற்றி, சோதனையை முழுத்திரையில் ஓட்டி, தானியங்கி அப்டேட்களை நிறுத்தியிருக்க வேண்டும். அளந்த நிலையில்தான் பங்கேற்பாளரையும் உட்கார வைக்க வேண்டும்.

மனச்சுமை அளக்கும் நாசா-டிஎல்எக்ஸ் வினாநிரலை ஸ்லைடர் காம்போனன்டால் எளிதாக அமைக்கலாம். 1988-இல் ஹார்ட்டும் ஸ்டேவ்லாண்டும் வெளியிட்ட இதற்கு ஆறு அளவுகோல்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை 5, 5-ஆக நகரும். ஸ்லைடரின் தொடக்கக் குறியை நடுவில் வைக்காமல் காலியாக விடுங்கள். நடுவில் வைத்தால் பலர் அதைத் தொடாமலே அடுத்ததற்குப் போவார்கள். செயல்திறன் அளவுகோலின் இடது முனை "முழு வெற்றி", வலது முனை "தோல்வி". மற்ற ஐந்தையும் போல இடதில் குறைவு, வலதில் நிறைவு என்று அமைத்துவிட்டால் அந்த அளவுகோலின் மதிப்பெண் தலைகீழாகி மொத்தமும் தவறாகும். இந்தத் தவறு மிகப் பரவலானது.

தமிழ்ச் சொற்களைத் தூண்டலாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொ, போ, கௌ போன்ற எழுத்துகளின் துணைக்குறிகள் பிரிந்தோ இடம் மாறியோ வர வாய்ப்புண்டு. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல், சொற்களை ஒரே அளவுப் படங்களாக ஏற்றுமதி செய்து இமேஜ் காம்போனன்டில் காட்டுவது பாதுகாப்பான வழி. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் என்பது கூடுதல் லாபம்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவிக்கு (இஇஜி) ட்ரிக்கர், அதாவது நிகழ்வின் கணத்தைக் குறிக்கும் துடிப்பு, அனுப்பும் வசதி பில்டரிலேயே உண்டு. துடிப்பைத் திரையோடு ஒத்திசைத்து, குறைந்தது சில ஃப்ரேம்களாவது நீடிக்கவிட்டு, பிறகு பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அடுத்த துடிப்பு பதிவில் தனியாகத் தெரியாது.

பாவ்லோவியா தளம் வழியாக இணையத்திலும் சோதனையை நடத்தலாம். அங்கே பைத்தான் ஓடாது. பில்டர் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தான் அனுப்புகிறது. எளிய கோட் வரிகள் தானாக மாறும், பைத்தானின் கூடுதல் நூலகங்களை நம்பி எழுதியவை மாறாது. இணையத்தில் நடத்தும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே உலாவியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே கட்ட வேண்டும். ஆய்வகத்துக்குச் சொன்ன ஃப்ரேம் அறிவுரை இங்கே அப்படியே தலைகீழ்: பங்கேற்பாளரிடம் 144 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் 12 ஃப்ரேம் 83 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஆகவே விநாடியில்தான் கொடுக்க வேண்டும். உருவ அளவைச் சரிசெய்ய, 85.6 மில்லிமீட்டர் அகலமுள்ள வங்கி அட்டையைத் திரையில் வைத்துப் பொருத்தச் சொல்லும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. தவறல் எல்லை போன்ற அறுதி அளவுகளை நம்பும் சோதனைகளை இணையத்தில் நடத்த நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஸ்ட்ரூப் (சொல்லின் பொருளும் எழுதிய நிறமும் முரண்படும் சோதனை) போல ஒரே நபருக்குள் வேறுபாட்டைப் பார்க்கும் சோதனைகளுக்குத் தடையில்லை.

குறை என்று சொன்னால், பதிப்புகள் அடிக்கடி வருகின்றன, சில சமயம் பழைய சோதனையின் நடத்தை புதியதில் மாறுகிறது. சோதனை அமைப்புகளில் எந்தப் பதிப்பில் ஓட வேண்டும் என்று குறித்துவைக்கும் இடம் இருக்கிறது, அதை நிரப்புங்கள். தரவு சேகரிப்பு முடியும்வரை அந்தக் கணினியில் புதுப்பிக்காதீர்கள். சிஎஸ்வி கோப்பு மட்டும் போதும் என்று நினைத்து, கூடவே வரும் லாக் கோப்பை அழித்துவிடுபவர்கள் பலர். எந்த ஃப்ரேம் தவறியது, எந்தக் கணத்தில் எது திரைக்கு வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

மேட்லேப் என்ற நிரல்மொழியில் ஏற்கெனவே ஊறிய ஆய்வகம் அதில் ஓடும் சைக்டூல்பாக்ஸிலேயே தொடரலாம், மாற வேண்டிய கட்டாயம் இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடினால் போதும், கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் நேரடி உதவியைப் பெற வேண்டும் என்பவர்களுக்கு ஈ-பிரைம் பொருந்தும். இணையம் மட்டுமே இலக்கு, ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக வரும் என்றால் ஜேஎஸ்சைக் இன்னும் நேரான வழி. இந்த மூன்றிலும் சேராத ஆய்வு மாணவர் சைக்கோபையை நிறுவி, பில்டரில் ஒரு பிவிடியைக் கட்டி, அது எழுதித் தரும் பைத்தான் நிரலைத் திறந்து படிப்பதிலிருந்து தொடங்கலாம்.