உப்புக்காற்றில் ஒரு குழந்தைச் சக்கர நாற்காலி: எட்டு மாத அனுபவம்

பாம்பனில் போட் இன்ஜின் பழுது பார்ப்பது என் தொழில். அதனால் பார்சலைப் பிரித்ததுமே போல்ட்டைத்தான் முதலில் பார்த்தேன். சட்டம் அலுமினியம், சரி. போல்ட்டும் முன்சக்கர பேரிங்கும் சாதா இரும்பு. அப்போதே மனசுக்கு உறுத்தியது.

மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில், "அப்பா, இது என் கால் மாதிரியே இல்லப்பா" என்றாள். சின்னப் பிள்ளைகளின் முதுகெலும்பு ரப்பர் மாதிரி இழுபடுமாம். எலும்பு உடையாமலே உள்ளே தண்டுவடம் அடிபடலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். மதுரைக்குப் போன பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது. 1982-லேயே டாக்டர்கள் இதற்குத் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

முதலில் முகாமில் கொடுத்த நாற்காலி பெரியவர்களுக்கானது, சீட் 18 அங்குலம். இவள் இடுப்போ 11 அங்குலம். இரண்டு பக்கமும் தலையணை செருகினோம், அப்படியும் ஒரு பக்கமாகவே சாய்ந்தாள். வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்நின்று உருவாக்கிய இடம் அது, 1966-லிருந்து நடக்கிறது. வளர்த்தி முடியுமுன் அடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதுகு பக்கவாட்டில் வளைந்துவிடும், அதனால் செருப்பு மாதிரி நாற்காலியையும் அளவெடுத்து வாங்க வேண்டும் என்று அங்கே புரியவைத்தார்கள்.

நடுவில் ஒருவர் போன் போட்டு, ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பாள் என்று லட்சக்கணக்கில் கேட்டார். முதுகுத்தண்டு காயத்துக்கு அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, காசு வாங்கிக்கொண்டு போடக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) விதி சொல்கிறது. அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு நாற்காலிக்குப் பணம் கட்டினேன்.

வாங்கியது வீண் போகவில்லை. சீட்டை 13 அங்குலம் வரை அகலப்படுத்தலாம். முதுகுப்பலகை விறைப்பாக இருப்பதால் நிமிர்ந்து உட்காருகிறாள். அக்காள்மடம் தெருவில் யாரும் தள்ளாமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடைக்குப் போய் முறுக்கு வாங்கி வருகிறாள். நான் பின்னால் போனால் முறைக்கிறாள்.

குறைகள் உண்டு. முன்சக்கரம் ரொம்பச் சின்னது, தெற்குவாடி மணலில் அப்படியே புதைகிறது. பின்பக்கமாகத் திருப்பித்தான் இழுக்க வேண்டும். கச்சான் காற்று அடித்த நாலே மாதத்தில் பேரிங் துருவேறி, திருப்பினால் கரகரவென்றது. கம்பெனியில் கேட்டால் முழுச் சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார்கள், அநியாய விலை.

அப்புறம், கறுப்பு ரெக்சின் சீட். ஒருநாள் வெயிலில் நின்ற நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துவிட்டோம். காலில் உணர்ச்சி இல்லாததால் சூடு அவளுக்குத் தெரியாது. இரவு உடம்பு துடைக்கும்போது தொடையில் பார்த்தால் நாலணா அகலத்துக்குக் கொப்புளம். ஆற ஐந்து வாரம் ஆனது. இப்போது உட்காரவைக்கும் முன் சீட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறோம், வெளிர் நிறத் துணியும் விரிக்கிறோம். கம்பெனிக்காரர்கள் சீட்டை வெளிர் நிறத்தில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கினால், கையோடு 608 நம்பர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பேரிங், ரப்பர் சீல் வைத்தது, சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கு வாங்கிவிடுங்கள். ஓட்டை 8 மில்லிமீட்டர். பழையதை உளியால் தட்டாதீர்கள், பிளாஸ்டிக் ரிம் வெடித்துவிடும். எனக்கு ஒன்று வெடித்தது.