வன்னியில் ஒரு குருதிநோய்க் கிளினிக்: ஒன்றரை வருட அனுபவம்

வன்னியிலுள்ள அரச வைத்தியசாலையொன்றில் நடைபெறும் குருதிநோய், புற்றுநோய்க் கிளினிக்குக்கு ஒன்றரை வருடமாக என் தம்பியுடன் போய்வருகிறேன். குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன். தம்பிக்கு வயது 51. 2008 இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. யுத்தம் முடிந்தபின் முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்து, தோட்டமும் நான்கு மாடுமாக இருந்தவர். உடம்பில் பழைய காயத்தோடு வாழ்பவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரரும் இதைப் படிக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இரண்டு வருடம் அவருக்கு இடுப்பு வலி இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படியொரு வலிக்கு யாரும் காரணம் தேடுவதில்லை. "உள்ளுக்குப் பீஸ் கிடக்குது, மழை வந்தால் குத்தும்" என்று உடம்பில் தங்கிவிட்ட ஷெல் துண்டைக் காட்டி அவரும் சொன்னார், நானும் நம்பினேன். பரியாரியாரின் எண்ணெயும் மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கிய டைக்குளோபினாக் என்ற வலிக் குளிசையுமாகக் காலம் போனது. கிணற்றுக்கட்டில் ஏறவே மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் இரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 7.2, உடம்பில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். நூறுக்கு மேல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தது. முதலில் பார்த்த இடத்தில், வவுனியாப் பக்கத்திலும் வட மத்தியிலும் பரவலாகக் காணப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோயாக இருக்கலாம் என்று சொல்லி, இரும்புக் குளிசையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே சிறுநீரகம் பழுது என்றால் முதலில் அந்த நோய்தான் எல்லாருடைய வாயிலும் வரும் என்பதால், அவர்களைப் பெரிதாகக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

இந்தக் கிளினிக்கின் வைத்தியரைப் பற்றி நான் முதலில் சொல்லவேண்டியது அவர் கேட்ட கேள்விகளைத்தான். முதல் நாள் தம்பியின் சேர்ட்டைக் கழற்றச் சொல்லி, முதுகிலும் தோளிலும் இருந்த தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்த்தார். பிறகு தாதியிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, எந்த வருடம் காயப்பட்டீர்கள், அப்போது எத்தனை முறை இரத்தம் ஏற்றினார்கள், எடுக்காமல் விட்ட பீஸ் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டார். தம்பி வாயைத் திறக்கவில்லை. இப்படியான கேள்வியை வேறு இடங்களில் வேறு ஆட்களிடம் கேட்டுப் பழகியவர் அவர். வைத்தியர் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் காரணம் சொன்னார்: பலமுறை இரத்தம் ஏற்றியவர்களின் உடலில் பிறருடைய குருதிக்கு எதிரான பொருள்கள் உருவாகியிருக்கலாம், அதனால் இனி இரத்தம் பொருத்திப் பார்ப்பது கடினமாகலாம், பழைய மஞ்சட்காமாலைக் கிருமி உடலில் உறங்கிக் கிடந்தால் புற்றுநோய் மருந்து அதை எழுப்பிவிடக்கூடும், இரும்புத் துண்டு இருக்கும் இடம் தெரியாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்பினால் காந்தம் அதை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். அதற்குப் பிறகுதான் தம்பி பேசினார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஆனந்தபுரத்தில் பட்ட காயம் வரைக்கும் சொன்னார். அதில் பாதி எனக்கே தெரியாதது.

எக்ஸ்ரே வந்த அன்று அவர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்கள் இருவரையும் கிட்ட வரச்சொன்னார். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் அரிசி அளவில் மூன்று வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. "இதுதான் உங்கட பீஸ். இது ஒன்றும் செய்யாமல் சதைக்குள் படுத்திருக்கு." பிறகு விரலை மேலே கொண்டுபோய், முள்ளந்தண்டிலும் மண்டையோட்டுப் படத்திலும் பூச்சி அரித்ததுபோல் இருந்த கறுப்புத் துளைகளைக் காட்டினார். வலி அங்கிருந்துதான் வந்தது. எலும்பு மச்சையில் உள்ள பிளாஸ்மா கலங்கள் கட்டுமீறிப் பெருகும் மல்டிபிள் மைலோமா என்ற நோய் அது. எலும்பைக் கரைக்கும், இரத்தத்தைக் குறைக்கும், அந்தக் கலங்கள் சுரக்கும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். பெரும்பாலும் 60 ஐத் தாண்டியவர்களுக்கு வருவது என்றார். வலிக்கென்று விழுங்கிய டைக்குளோபினாக்கும் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்திருக்கிறது என்று அவர் சொன்னபோது, அந்தக் குளிசையை வாங்கிக் கொடுத்தவள் நான் என்பதை நான் சொல்லவில்லை.

சிகிச்சை, கிழமைக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்குக் கீழே போடும் போர்ட்டெசொமிப் ஊசி, டெக்சாமெத்தசோன் குளிசை, அக்கி வராமலிருக்க அசிக்ளோவிர், எலும்புக்கு மாதமொருமுறை ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம் என்று போனது. கடைசியாகச் சொன்ன மருந்து தாடையெலும்பைப் பாதிக்கலாம் என்பதால், பல் வைத்தியரிடம் காட்டிவராமல் அதைத் தொடங்கவே மாட்டேன் என்று நின்றார்.

இந்தக் கிளினிக்கை நான் ஏன் நல்லதென்கிறேன் என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் போதும். போர்ட்டெசொமிப் கால் நரம்புகளைத் தாக்கக்கூடிய மருந்து. மூன்றாம் சுற்றில் வைத்தியர் வழக்கம்போலக் கால் எரிகிறதா என்று கேட்டார். "எரியுது டொக்டர், ஆனால் அது எனக்குப் பழசு" என்றார் தம்பி. வேறொருவர் என்றால் அதை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். இவர் தலையை நிமிர்த்தி, "எந்தக் காலில்?" என்று கேட்டார். இல்லாத காலும் எரிகிறது, இருக்கிற காலும் எரிகிறது என்று தம்பி சொல்ல, இல்லாத காலின் எரிச்சல் எப்போதிருந்து, இருக்கிற காலின் எரிச்சல் எப்போதிருந்து என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதினார். பிறகு வலது பாதத்தில் பஞ்சால் தொட்டும், இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்தும் பார்த்தார். பெருவிரலில் அதிர்வு தெரியவில்லை. அன்றே மருந்தின் அளவைக் குறைத்துவிட்டார். இரண்டு கால் உள்ளவனுக்கு விரல் மரத்தால் அது பக்கவிளைவு, உங்களுக்கு அது நடையே போவது என்று அவர் சொன்னதைத் தம்பி இன்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முன்னாள் படைவீரரைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்காவில் தனி வைத்தியசாலை வலையமைப்பு உண்டு. அங்கே இரத்த நோயையும் புற்றுநோயையும் பெரும்பாலும் ஒரே நிபுணர் பார்ப்பார். இங்கே அவை இரண்டு வெவ்வேறு துறைகள். வியட்நாமில் ஏஜென்ட் ஒரேஞ்ச் களைகொல்லிக்கு ஆட்பட்டவருக்கு மைலோமா வந்தால், அது படைச்சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்கிறார்கள். முன்னாள் படைவீரருக்காக அங்கே 2022 இல் வந்த பாக்ட் சட்டம் மைலோமாவுக்கு முந்திய நிலையொன்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இதை வாசித்துவிட்டு, தம்பியின் நோயும் ஷெல் புகையால் வந்திருக்குமா என்று வைத்தியரிடம் கேட்டேன். அப்படிச் சொல்லத் தன்னிடம் ஆதாரம் இல்லை, இல்லையென்று அடித்துச் சொல்லவும் முடியாது என்றார். ஆறுதலுக்காக ஒரு பொய்யைச் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

இனிக் குறைகள். முதுகெலும்பில் துளை விழுந்த நோயாளர்கள் காலை ஆறரையிலிருந்து பதினொரு மணிவரை உட்காரும் வாங்குக்குச் சாய்மானம் இல்லை. மலசலகூடத்துக்கு இரண்டு படி, கைபிடி இல்லை, பொய்க்கால் போட்டவர் உள்ளே குந்தவும் முடியாது. புரதப் பரிசோதனைக்கு வெளியூர் போன இரத்த மாதிரியின் ரிப்போர்ட் ஒருமுறை தொலைந்து, ஐந்து கிழமைக்குப் பிறகு மறுபடியும் எடுத்தார்கள். ஊசி மருந்து முடிந்துவிட்டது என்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். அதை முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தால் ஓட்டோவுக்குக் கொடுத்த காசாவது மிஞ்சியிருக்கும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது, பதிவு மேசையிலிருந்த ஒருவர் நாற்பது பேருக்கு முன்னால், "புனர்வாழ்வு எடுத்த ஆளா?" என்று சத்தமாகக் கேட்ட அன்றுதான். கதவைச் சாத்திக் கேட்கும் வைத்தியரும் கத்திக் கேட்கும் மேசையும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள்.

தூரத்தைப் பொறுத்தவரை, எலும்பு வலிக்குக் கதிர்ச்சிகிச்சை தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளைக்குப் போனோம். நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 2011 இல் நடந்த நடைபயணத்தின் நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. தண்டுக்கல (ஸ்டெம் செல்) மாற்றுப் பற்றிப் பேசுவதற்குக் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். இரவு ரெயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து 138 ஆம் இலக்க பஸ். கிழமைக்கொரு ஊசிக்கு அந்தத் தூரத்தை அவரால் தாங்கியிருக்க முடியாது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக் இருப்பதன் பெறுமதியை அந்தப் பயணத்தில்தான் விளங்கிக்கொண்டேன்.

போகிறவர்கள் ஆறு மணிக்கு முன்னரே இலக்கம் எடுத்துவிடுங்கள். பழைய எக்ஸ்ரே, காயப்பட்டபோது கிடைத்த துண்டு எதுவானாலும் கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய குளிசையின் வெற்று அட்டையையும் எறியாமல் காட்டுங்கள். ஒரு தலையணையும் எடுத்துக்கொள்ளுங்கள். போன கிழமைவரை அந்த வாங்குக்குச் சாய்மானம் போடவில்லை.